மூன்றாம் பெட்டியின் கொக்கி

தென்காசி,
14.6.2024

அனுப்புநர்: சு. ஆவுடைநாயகம், துணை வட்டாட்சியர், வீரகேரளம்புதூர் (ஓய்வுபெற இன்னும் எழுபத்தெட்டு நாள்).
பெறுநர்: திருமதி நெ. கல்யாணசுந்தரி, ஐந்தருவி சாலை, குற்றாலம்.
பொருள்: பொம்மை ரயில் – தடம் புரளுதல் – விளக்கம் கேட்டல்.

அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்கு முன் காசி விஸ்வநாதர் சன்னிதியில், இனி உன்னோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். நீயும் சும்மா இருக்கவில்லை. ஓடிப்போய் இன்னொரு சூடம் வாங்கி வந்து நீயும் அணைத்தாய். அந்தச் சத்தியம் இன்றும் அமலில் உள்ளது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் நீ என்னைத் தடை செய்து வைத்திருக்கிறாய்.

நான் ஓய்வுபெறுவதை ஒட்டி உன் மகன் உமாசங்கர் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிய ரயில் செட், எதனாலோ உன் வீட்டு முகவரிக்கு வந்து, அத்தான் மூலம் பஸ்ஸில் எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாக மாட்டும் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பொருத்திவிட்டேன். நானும் வித்யாலட்சுமியும் இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பழுதுகள் வருமாறு. எஞ்சின் நேர்கோட்டில் ஒழுங்காகப் போகிறது. அடுக்களைப் பக்க வளைவு வந்ததும் முன்சக்கரம் கீழே இறங்கிவிடுகிறது. தப்பித்தவறி வளைவைத் தாண்டினால் மூன்றாம் பெட்டியின் கொக்கி விட்டுவிடுகிறது. அந்தப் பெட்டி தனியாக நிற்க, மற்றவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகின்றன.

அட்டைப்பெட்டியின் ஒட்டு ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டதுபோல் தெரிகிறது. பிரித்தது யார், எதற்காக என்று தெரிவிக்கவும்.

எல்லோரும் ‘மற்றவை நேரில்’ என்று எழுதிக் கடிதத்தை முடிப்பார்கள். நமக்குள் நேரில் என்று ஒன்று கிடையாது. எனவே இத்துடன் முடிக்கிறேன்.

சு. ஆவுடைநாயகம்


குற்றாலம்,
18.6.2024

ஏலே ஆவுடை,

கூடப்பிறந்த அக்காவுக்கு அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதுத ஒரே ஆளு இந்தத் தென்காசி ஜில்லாவுலயே நீதாம்லே. தபால்காரர் குடுக்கும்போதே கோர்ட்டு நோட்டீஸுன்னு நெனச்சு ஒங்க அத்தான் வக்கீல் நம்பரைத் தேட ஆரம்பிச்சுட்டாரு.

வாட்ஸ்அப்புல நான் தடை செஞ்சது ஒன்னை இல்ல. வெள்ளனே அஞ்சு மணிக்கு நீ அனுப்புத தாமரைப்பூ படத்தை. தெனமும் ஒரு பூவு, அதுக்குக் கீழ ஒரு தத்துவம். பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணவன் பூ மட்டும் அனுப்புவானாம்.

பெட்டியை யாரு பிரிச்சான்னு கேக்கியே, பாதி வழியில எங்கயாவது மழையில நனைஞ்சு ஒட்டு விட்டுருக்கும். இங்கன சாரல் விழுந்து பத்து நாளாச்சு. துணியே காயமாட்டேங்கு, ஒட்டு நிக்குமா? எனக்கு ஒண்ணும் தெரியாது.

நான் கேக்க வந்தது வேற. ஆவணியில ஒனக்கு இலஞ்சி குமாரர் கோயில்ல அறுபதாம் கல்யாணமாமே. ஊரே சொல்லுது, எனக்கு மட்டும் தாக்கல் இல்ல. வித்யா கழுத்துல நீ திரும்பத் தாலி கட்டுவே. மொத முடிச்சு நீ போடுவே. மத்த ரெண்டு முடிச்சும் மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவ போடணும். அதான் மொறை. முப்பத்திரெண்டு வருஷத்துக்கு முன்ன நான்தான் போட்டேன், இன்னைக்கு வரை அவுந்துச்சா? இந்தத் தடவை யாரு போடுதா?

சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல.

கல்யாணி


தென்காசி,
22.6.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நனைந்த பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் மட்டும் எப்படி நனையாமல் இருந்தது என்பதை நீ விளக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

விசாரணையை முறைப்படி தொடங்கிவிட்டேன். முதலில், குற்றம் பெட்டியிலா தண்டவாளத்திலா என்று தெரியவேண்டும். எனவே மூன்றாம் பெட்டியை முதலாம் இடத்தில் மாட்டினேன். அங்கேயும் அதே கொக்கிதான் விட்டது. ஆகத் தண்டவாளம் நிரபராதி. பிறகு கொக்கியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மற்றக் கொக்கிகள் தானாகத் துள்ளி மேலே வருகின்றன. இது மட்டும் சோம்பேறியாகத் தொங்குகிறது. அதன் அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது. கம்பெனியில் பூசிய பெயிண்ட் என்று முடிவு செய்தேன்.

சக்கரங்கள் சரியாகச் சுழலவில்லை என்பதால் தண்டவாளம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதற்குப்பின் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் அதுவும் இல்லை. இதையும் கம்பெனியின் குறையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முடிச்சு விஷயம். வித்யாவின் சித்தி மகள் ஆனந்தவள்ளியைப் போடச் சொல்லலாம் என்று உத்தேசம். அவளும் எனக்குத் தங்கை முறைதான் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நீ கேட்டதால் சொல்கிறேன்.

நம் சண்டை எதில் தொடங்கியது என்பதையும் நீ மறந்திருக்கமாட்டாய். உமாசங்கர் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனாகிய என் பெயரை எங்கே போட்டாய்? கடைசிப் பக்கத்தில், ‘மழலைப் பட்டாளம்’ என்ற தலைப்பை ஒட்டி மேலே. ஆபீஸில் ஒரு மாதம் என்னை மழலை என்றே கூப்பிட்டார்கள்.

சு. ஆவுடைநாயகம்


குற்றாலம்,
26.6.2024

ஏலே கோட்டிக்காரா,

தண்டவாளத்துக்கு யாராவது எண்ணெய் பூசுவாளா? அது என்ன ஐந்தருவிக்குக் குளிக்கப் போகுதா, மசாஜ் பண்ணி அனுப்புததுக்கு? அந்தத் தண்டவாளம் வழியாத்தாம்லே கரண்டு சக்கரத்துக்குப் போகுது. எண்ணெய் இருந்தா கரண்டும் போகாது, சக்கரமும் வழுக்கும். மெடிக்கல்ல ஸ்பிரிட்டு வாங்கி, பழைய பனியன் துணியில நனைச்சுத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் கருப்புப் போற வரைக்கும் தொடச்சு எடு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே, உமாசங்கர்ட்ட போன்ல கேட்டேன். அவன்கிட்டப் பேசக்கூடாதுன்னு நான் சூடம் அணைக்கல பாரு.

பொறவு இன்னொண்ணு. நாப்பது வருஷமா நான் தையல் மெஷின் மிதிக்கேன். சக்கரம் இறுகிச்சுன்னா மொதல்ல நூலு சுத்தியிருக்கான்னுதான் பாப்பேன். நீயும் எஞ்சினைக் கவுத்துப் போட்டு, அச்சுல நார் கீர் சுத்தியிருக்கான்னு பாரு. இருந்தா ஊக்கால மெதுவா எடு. பலமா இழுக்காதே.

ஆனந்தவள்ளியாமில்லா. அவ எப்படிலே ஒனக்குத் தங்கை ஆவா? பொண்டாட்டியோட சித்தி மக கொழுந்தியா. கொழுந்தியாளை நாத்தனார் முடிச்சுப் போடச் சொன்ன மொத மாப்பிள்ளை நீதான். பட்டா மாறுதல் பாத்துப் பாத்து ஒனக்கு உறவுமொறையும் மாறிப் போச்சு. அவ போட்ட முடிச்சு நிக்குமாங்கியதை நான் எதுக்குச் சொல்லணும். அவளுக்குச் சேலைக் கொசுவமே நிக்காது.

பத்திரிகை விஷயத்தை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லுவே? பிரஸ்காரன் எடம் இல்லன்னுட்டான். நான் அச்சாகி வந்த பொறவுதான் பாத்தேன். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை. இதையும் குறிச்சுக்கோ.

கல்யாணி


தென்காசி,
3.7.2024

அக்காவுக்கு,

எண்ணெய் பற்றி நீ எழுதியதை வித்யா இரண்டு தடவை சத்தமாக வாசித்துச் சிரித்தாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எஞ்சின் இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் வளைவில் இறங்குவதும், கொக்கி விடுவதும் அப்படியே இருக்கின்றன.

நீ சொன்னபடி கவிழ்த்துப் பார்த்தேன். அச்சில் நார் சுற்றியிருந்தது. நூல் இல்லை, முடி இல்லை, வாழைநார். பூக்கட்டும் நார். இது எஞ்சினுக்குள் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. நூல் என்று சொல்லிவந்த நீ, திடீரென்று ‘நார் கீர்’ என்று எப்படி எழுதினாய் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு விதையும் கிடைத்தது. போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். “சார், இது எலுமிச்ச விதை மாதிரி இருக்கே” என்றாள். “உங்க ஆட்கள் எலுமிச்சம்பழச் சாதம் தின்னுக்கிட்டே எஞ்சின் பூட்டினா விதை விழத்தான் செய்யும்” என்றேன். அவள் ஒரு புகார் எண் கொடுத்தாள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு தயார். இணைப்பாக விதை, நார், மஞ்சள் பெயிண்ட் சுரண்டிய பொடி மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு முத்திரை வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி தாக்கல் செய்கிறேன். என் முப்பத்தைந்து வருட சர்வீஸில் ஒரு விசாரணையும் தோற்றதில்லை.

சு. ஆவுடைநாயகம்


குற்றாலம்,
8.7.2024

தம்பி,

மனுவைக் குடுத்துராதே. கம்பெனிக்காரன் பாவம் நமக்கு வேண்டாம். பெட்டியைப் பிரிச்சது நான்தான்.

உமாசங்கர் வேணும்னேதான் என் வீட்டுக்கு அனுப்பினான். “நீயே கொண்டுபோய் மாமா கையில குடும்மா, சண்டை தீந்துரும்”னான். எனக்கு மனசு வரல. ஆனா அப்படியே அனுப்பவும் மனசு வரல. என்னதான் பொம்மையா இருந்தாலும் புது வண்டி இல்லியா? பூசை போடாத வண்டியை வீட்டுக்கு அனுப்பலாமா?

எஞ்சினை எடுத்து மனைப்பலகையில வச்சேன். சந்தனம், குங்குமம் வச்சேன். மூணாம் பெட்டி கடைசிப் பெட்டி ஆச்சே, அதுக்கும் முன்பக்கமா ஒரு பொட்டு வச்சேன். அது கொக்கிக்குள்ள போயிட்டு போல. நீ கண்டுபிடிச்ச பெயிண்டு அதான். பெரிய வண்டிக்கு வச்சுப் பழகின கை, கொஞ்சம் தாராளமா வச்சுட்டேன். அஞ்சு மொழம் பிச்சிப்பூ சுத்தினேன். பொறவு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். காருக்கு நாலு சக்கரம், நாலு பழம். இதுக்கு எண்ணினா எஞ்சினுக்கே எட்டு. ஒரு பழத்தை எட்டாத் துண்டு போட்டு வச்சு எஞ்சினை உருட்டினேன், ஏறல. பழம் நசுங்காட்டா பலன் இல்ல பாத்தியா. கையை வச்சு ஓங்கி அமுக்கினேன். டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. முன்சக்கரம் ரெண்டும் கிட்டக்கிட்ட வந்த மாதிரி தெரிஞ்சுது. தொடச்சு உள்ள வச்சு ஒட்டிட்டேன்.

ஏன் இவ்வளவும் செஞ்சேன்னு கேப்பே. போன வருஷம் நீ புது ஸ்கூட்டர் எடுத்தே. சண்டையில நீ என்கிட்டக் கொண்டுவரல, நானும் எலுமிச்சம்பழம் வைக்கல. எடுத்து இருபதாம் நாளு இலஞ்சி வளைவுல விழுந்தே. அதுல இருந்து ஒனக்கு ஒரு வண்டி வருதுன்னாலே நான் எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போயிருதேன். பொம்மை ரயிலு யாரையும் கீழ தள்ளாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் செஞ்சேன்.

திட்டணும்னா திட்டு. முடிச்சு வேணும்னா ஆனந்தவள்ளியே போட்டுக்கிடட்டும். எனக்கு ஆசை இல்லன்னு முன்ன எழுதினது பொய். மண்டபத்துல அத்தனை பேரு முன்னால அந்த ரெண்டு முடிச்சையும் வேற ஒருத்தி போடுததை நான் எப்படிலே பாத்துக்கிட்டு இருப்பேன்?

கல்யாணி


[தபால் அட்டை]

தென்காசி, 12.7.2024

நுகர்வோர் மனு நிறுத்தி வைக்கப்பட்டது. விசாரணை வேறு திசையில் நடைபெறுகிறது. – சு.ஆ.


தென்காசி,
25.7.2024

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமானது. கோபம் இல்லை. முதலில் ரயிலை ஓடவைத்துவிட்டுத்தான் எழுதுவது என்றிருந்தேன்.

நீ சொன்னதுபோலவே எஞ்சினின் முன்சக்கரம் இரண்டும் உள்ளே நகர்ந்திருந்தன. எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. வித்யா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தாள். எஞ்சினின் பின்சக்கரங்கள் ஒழுங்காக இருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் ஈர்க்குச்சியை வைத்துச் சரியான நீளத்துக்கு வெட்டினேன். அதே குச்சி முன்சக்கரங்களுக்கு நடுவே நிற்கும்வரை இரண்டையும் திருகித் திருகி வெளியே இழுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுக்களை வளைவில் எஞ்சின் இப்போது இறங்குவதில்லை.

கொக்கிக்கு வெந்நீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும். உன் சந்தனம் மூன்று தண்ணீர் விட்ட பிறகும் மணக்கிறது. காய்ந்த பிறகு கொக்கி தானாகத் துள்ளி மேலே வந்தது. பெட்டி கனமில்லாமல் ஆடியதால் உள்ளே ஒரு ரூபாய்க் காசு ஒன்றை ஒட்டினேன். நேற்று மாலை வண்டி பதினோரு சுற்று ஓடியது. மூன்றாம் பெட்டி கூடவே வந்தது. வித்யா கைதட்டினாள். எனக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு சூடம் ஞாபகம் வந்தது.

ஸ்கூட்டர் விஷயத்தை வித்யாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் இத்தனை நாள் மறைத்த ஒன்றைச் சொன்னாள். நான் விழுந்த அன்று நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாயாம். நான் தூங்கும்வரை வராந்தாவில் நின்று, பிறகு உள்ளே வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனாயாம். அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று ஒரு வருடமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்ன இடத்துக்கெல்லாம் போய் இப்போது திருத்திச் சொல்லவேண்டும்.

ஆவணி பதின்மூன்று, இலஞ்சி குமாரர் கோயில், காலை ஏழரை மணி. பத்திரிகையின் மாதிரி இணைத்துள்ளேன். அச்சாகுமுன் உன் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்து ஒப்புதல் தரவும். முடிச்சுப் போட வருவாயா என்று கேட்க நினைக்கிறேன். ஆனால் வந்தால் பேச்சு வந்துவிடும், சத்தியம் நிற்கிறது. சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் நம் இருவரில் யாருக்கு ஆகாது என்று தெரியவில்லை. உனக்கு ஆகாது என்றால் எனக்கு அது வேண்டாம்.

ஆவுடை


குற்றாலம்,
30.7.2024

ஏலே ஆவுடை,

பத்திரிகையைப் பாத்தேன். இலஞ்சிக் குமாரர் பேரை விட என் பேரு பெருசா இருக்கு. இது என்ன, பெட்டிஷனா? சாமி கோவிச்சுக்கிடுவாரு, சின்னதாக்கு. அத்தான் பேரு ரெண்டாம் பக்கத்துல இருக்கு, பரவாயில்ல, அவரு எங்க போட்டாலும் சாப்பிட வந்துருவாரு. மழலைப் பட்டாளத்துல யாரு பேரும் வேண்டாம்.

சத்தியம், சத்தியம்னு எழுதுதியே. நீ சத்தியம் பண்ணது வாய்க்குத்தானே? முடிச்சுப் போடுததுக்கு வாயி எதுக்குலே, கை போதும். நான் வருவேன், பின்னால நிப்பேன், ரெண்டு முடிச்சைப் போடுவேன், போயிருவேன். நீயும் பேசவேண்டாம், நானும் பேசல.

ஆனந்தவள்ளிக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுத்து, பந்தி கவனிக்கச் சொல்லு.

கல்யாணி


குற்றாலம்,
31.8.2024

ஏலே,

நேத்திக்கே எழுதியிருப்பேன், கல்யாண வீட்டுப் பலகாரத்தை அக்கம்பக்கம் குடுக்குத சோலி இருந்துச்சு.

கோயில்ல நான் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் நின்னேன். தேங்காய் உடைக்கும்போது கண்ணுல தெறிச்சுது, அப்பங்கூட ‘ஆ’ன்னு சொல்லல. நீ வித்யா கழுத்துல தாலியை வச்சு மொத முடிச்சுப் போட்டே. நான் ரெண்டாவது போட்டேன். மேளக்காரர் கெட்டிமேளம் உச்சத்துக்குக் கொண்டுபோனாரு. மூணாவது போடும்போது நீ மெதுவா என் பக்கம் திரும்பி, “நல்லா இறுக்கிப் போடுக்கா, மூணாவதுதான் விட்டுரும்”னு சொன்னே.

சொன்னியா இல்லியா? நான் சிரிப்பை அடக்க முடியாமக் குனிஞ்சுக்கிட்டேன். அழுதேன்னு எல்லாரும் நெனச்சிருக்கா. கொஞ்சம் அழவும் செஞ்சேன். ரெண்டு வருஷத்துல நீ என்கிட்டப் பேசின மொதப் பேச்சு, அதுவும் ரயில் பேச்சு.

இல்லன்னு மட்டும் சொல்லிராதே. உமாசங்கர் வீடியோ எடுத்திருக்கான், ஒன் வாய் அசையுதது தெளிவாத் தெரியுது. சத்தியத்தை முறிச்சது நீதான், நான் இல்ல. இதுக்கு என்ன பதில் சொல்லுதே?

கல்யாணி


தென்காசி,
2.9.2024

அக்காவுக்கு,

வீடியோ ஆதாரத்தைப் பார்வையிட்டேன். அது பேச்சு ஆகாது. கொக்கி தொடர்பான தொழில்நுட்ப ஆலோசனை மட்டுமே. ஆகவே சத்தியம் முறியவில்லை என்று முதலில் எழுதி வைத்தேன்.

வித்யா அதை வாங்கி வாசித்துவிட்டு, கழுத்தில் மூன்றாவது முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “இதை எழுதி அனுப்புனீங்கன்னா ரயிலை மேஜையில இருந்து எறக்கிருவேன்” என்றாள். எனவே முந்தின பத்தியை ரத்து செய்கிறேன். பேசியது நான்தான். வேண்டுமென்றுதான் பேசினேன். நீ ரெண்டாவது முடிச்சுப் போடும்போதே பேச நினைத்தேன், மேளம் அப்போது சத்தமாக இல்லை.

நேற்றிலிருந்து எனக்கு ஆபீஸ் இல்லை. பேனாவை எடுத்தால் அனுப்புநர், பெறுநர் என்று கை தானாகப் போகிறது. இந்தக் கடிதத்தில் அதைப் போடவில்லை, கவனித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் சூடத்தோடு நிற்பேன். நீயும் ஒரு சூடம் கொண்டு வா. ஏற்றி வைப்போம், இந்தத் தடவை யாரும் அணைக்க வேண்டாம். அங்கிருந்து வீட்டுக்கு வந்து ரயில் ஓடுவதைப் பார். எலுமிச்சம்பழம் கொண்டுவராதே. வாட்ஸ்அப் தடையையும் எடுத்துவிடு, பூ அனுப்பமாட்டேன்.

சொல்ல இன்னும் ரெண்டு வருடத்து விஷயம் பாக்கி இருக்கிறது. அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. நேரில் பேசிக்கொள்ளலாம்.

தம்பி
ஆவுடை